சாக்கியர் வைத்த வைப்பும் ஏலக் கடையும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் நம்மிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் கேட்டனர். மன்னர்கள் போர் செய்த கதைகளும் கோட்டை கட்டிய கதைகளும் பாடநூல்களில் நிரம்ப உள்ளன. நம் இளைஞர்கள் அவற்றைத் தேர்வுக்காகப் படிக்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்து விடுகின்றனர். எனவே மறக்கலாகாத ஒரு செய்தியை எழுதுவோம் எனத் துணிந்தோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் மண்ணுக்குள் அன்போடு வைக்கப்பட்ட ஒரு வைப்பு, 2025 ஆம் ஆண்டில் ஏலக் கடையின் வாயில் வரை சென்று மீண்டது. அச்செய்தியில் நமக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பிப்ரவாவில் கிடைத்தவை

உத்தரப் பிரதேசத்தின் வடகோடியில், நேபாள எல்லையை ஒட்டிச் சித்தார்த்த நகர் மாவட்டம் உள்ளது. அம்மாவட்டத்தின் சிற்றூர்களுள் ஒன்று பிப்ரவா. புத்தர் பெருமான் பிறந்த உலும்பினி அங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அப்பகுதி பஸ்தி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்குப் பேர்ட்பூர் என்னும் பெரும் பண்ணையை நிருவகித்து வந்தவர் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர். அவருடைய பண்ணை நிலத்தில் பெரிய மண்மேடு ஒன்று இருந்தது. அஃது ஒரு பௌத்தத் தூபியாகும் என்று வின்சென்ட் ஸ்மித் அவருக்கு எடுத்துரைத்தார். பின்னாளில் இந்திய வரலாற்று நூல்களால் புகழ்பெற்ற அறிஞரே அந்த ஸ்மித்.

1897 இல் தொடங்கிய அகழ்வு, 1898 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18 ஆம் நாள் பயன் தந்தது. கெட்டிப்பட்ட செங்கற் கட்டடத்தைப் பல அடி ஆழம் வெட்டிச் சென்றபோது, ஒரே கல்லில் குடைந்தெடுத்த மணற்கற் பேழை ஒன்று தென்பட்டது. அதன் நீளம் நாலடிக்கு மேல். அதனுள் மாக்கல்லில் கடைந்த கலங்களும், மூடியில் மீன் வடிவக் கைப்பிடி கொண்ட அழகிய படிகக் கலம் ஒன்றும் இருந்தன. அக்கலங்களில் எலும்புத் துண்டுகள் இருந்தன. அவற்றோடு முத்து, பவளம், செவ்வந்திக்கல், படிகம் முதலிய மணிகளும், மலர் போலவும் இலை போலவும் செதுக்கிய சிறு கற்களும், யானை, சிங்கம், பெண் உருவம் ஆகியவை பொறித்த பொன் தகடுகளும் கலந்து கிடந்தன. இவ்வணிமணிகள் ஏறத்தாழ 1,800.

மாக்கற் கலம் ஒன்றன் மூடியைச் சுற்றிப் பிராமி எழுத்தில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருந்தது. புகழ்மிக்கவரின் உடன்பிறந்தாராகிய சாக்கியர், தம் சகோதரிகளோடும் மக்களோடும் மனைவியரோடும், பகவான் புத்தரின் உடற்பொருளுக்கு அமைத்த வைப்பு இது என்பது அதன் கருத்தாக அறிஞர் பலர் கொண்டனர். புத்தரின் உறவினருடைய உடற்பொருள் என்று வேறு பொருள் கூறியவரும் உண்டு. எழுத்தின் காலத்தைப் பற்றியும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆயினும் 'சாக்கியர்' என்னும் சொல் அங்கு ஐயத்திற்கு இடமின்றி நிற்கின்றது.

புத்தர் பெருமான் பரிநிர்வாணம் எய்திய பின், அவருடைய உடற்பொருள் எட்டுப் பங்காகப் பிரிக்கப்பட்டது என்றும், ஒரு பங்கு கபிலவாஸ்துவின் சாக்கியருக்குக் கிடைத்தது என்றும் பௌத்த நூல்கள் கூறுகின்றன. 1971 முதல் 1973 வரை இந்தியத் தொல்லியல் துறையினர் அதே தூபியை மேலும் ஆழமாக அகழ்ந்தபோது, வேறு இரண்டு மாக்கற் கலங்களில் 22 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. கபிலவாஸ்துவின் பிக்கு சங்கத்தைக் குறிக்கும் களிமண் முத்திரைகளும் அங்குக் கிடைத்தன. எனவே பழைய கபிலவாஸ்து இதுவே என்று நம் தொல்லியல் துறையினர் கொண்டனர்.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல இயலாது. பெப்பே துரையின் பெயரை இன்று உலகமே அறியும். அந்தக் கெட்டிச் செங்கல்லை வெட்டி, மண்ணைக் கூடையில் சுமந்து மேலே கொண்டு வந்த கூலியாட்களின் பெயரை எவரும் சொல்லக் கேட்டதில்லை. தோண்டியவர் கை வேறு, புகழ் பெற்றவர் பெயர் வேறு என்பது நாம் நன்கறிந்த வரலாறே அன்றோ!

மூன்றாகப் பிரிந்த புதையல்

அந்நாளில் நடப்பில் இருந்தது 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. பெப்பே தாம் கண்டெடுத்ததை மறைக்கவில்லை, அரசினரிடம் ஒப்படைத்தார். அதன் பின்னர் அவ்வைப்பு மூன்றாகப் பிரிந்தது.

எலும்புத் துண்டுகளை, அந்நாளில் பௌத்த அரசராக விளங்கிய சயாம் நாட்டு மன்னர் சூலாலங்கோர்னுக்கு ஆங்கில அரசு 1899 இல் அளித்தது. அவை பாங்காக் நகரின் பொன்மலைக் கோயிலில் வைக்கப்பட்டன. பர்மா, இலங்கை முதலிய நாடுகளின் பௌத்தர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. பேழையும் கலங்களும் அணிமணிகளில் பெரும்பகுதியும் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திற்குச் சென்றன. ஒன்று போல் மற்றொன்று இருப்பவை எனக் கருதப்பட்ட மணிகளில் ஒரு பகுதி, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, பெப்பேயிடமே விடப்பட்டது.

ஆங்கில அரசு எலும்பை 'சமயப் பொருள்' என்றது. மணியைக் 'கலைப் பொருள்' என்றது. ஆனால் வைத்தவர்கள் அவ்வாறு பிரித்து வைக்கவில்லை. ஒரே கலத்தில், ஒன்றோடொன்று கலந்து, ஒரே காணிக்கையாக வைத்தனர். நம் வீட்டில் இறந்தவருக்கு இடும் வாய்க்கரிசியை உடலிலிருந்து பிரித்து விலை பேசுவோர் உண்டா? 1898 இல் செய்த அந்தப் பிரிவினையே, 127 ஆண்டுகளுக்குப் பின் ஏல அறிவிப்பாக முளைத்தது.

அதே ஆண்டு, சென்னையில்

இளைஞர்கள் இந்த 1898 என்னும் ஆண்டை நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். வடக்கே சாக்கியரின் பேழை திறக்கப்பட்ட அதே ஆண்டில்தான், தெற்கே நம் பேரறிஞர் அயோத்திதாசப் பண்டிதர், கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பண்டைய பௌத்தர்களே என்றும், பௌத்தத்தைக் கைவிடாமையே அவர்கள் ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் என்றும் பண்டிதர் தம் வாழ்நாள் முழுதும் எழுதினார். 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, வாரந்தோறும் அதனை எடுத்துரைத்தார்.

பிப்ரவாவின் மூடியில் இருந்த 'சாக்கியர்' என்னும் சொல்லும், இராயப்பேட்டையின் பெயர்ப் பலகையில் எழுந்த 'சாக்கிய' என்னும் சொல்லும் ஒரே ஆண்டில் வெளிச்சம் கண்டன. ஒன்று மண்ணுக்குள் இருந்தது. மற்றொன்று மக்களின் நினைவுக்குள் இருந்தது. 1956 அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய பின், அச்சொல் நம் மக்களின் வாழ்வோடு மீண்டும் இணைந்தது. எனவேதான், பிப்ரவா மணிகள் ஏலத்திற்கு வந்த செய்தியை ஏதோ தொலைவில் நடந்த வணிகச் செய்தி என நம்மால் கடந்து செல்ல இயலவில்லை.

ஏல அறிவிப்பு

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோத்பீஸ் என்னும் உலகப் புகழ் பெற்ற ஏல நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பெப்பேயின் வழித்தோன்றல்களிடம் இருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பிப்ரவா மணிகள் மே 7 ஆம் நாள் ஹாங்காங்கில் ஏலம் விடப்படும் என்பதே அது. பத்துக் கோடி ஹாங்காங் டாலர் அளவுக்கு அவை விலை போகலாம் எனச் செய்தித்தாள்கள் எழுதின. நம் நாட்டுப் பணத்தில் அது நூறு கோடி ரூபாய்க்கும் மேல்.

பல நாட்டுப் பௌத்தர்களும் அறிஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்திய அரசு மே 5 ஆம் நாள் சட்ட அறிவிக்கை அனுப்பியது. ஏலம் ஒத்தி வைக்கப்பட்டது. பின்னர், சூலைத் திங்கள் 30 ஆம் நாள், அம்மணிகள் இந்தியா திரும்பிய செய்தி வெளியாயிற்று. நம் நாட்டின் கோத்ரெஜ் தொழிற்குழுமம் அவற்றை வாங்கியது; விலை வெளியிடப்படவில்லை. 2026 சனவரியில், முன்னர்க் கிடைத்த பொருள்களோடு சேர்த்துத் தில்லியில் பொதுமக்கள் காணக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மணிகள் திரும்பியது மகிழ்ச்சியே. ஆயினும் ஆசிரியராகிய நாம் ஒரு வினாவை எழுப்பாமல் இருக்க இயலாது. நம் வீட்டிலிருந்து சென்ற பொருளை நாமே விலை கொடுத்து வாங்கியது மீட்சியா, வணிகமா? இம்முறை பணம் படைத்த ஒருவர் முன்வந்தார். அடுத்த முறை எவரும் வரவில்லையெனில் என்ன செய்வது?

இரு தரப்பு வாதங்கள்

நீதியோடு பேசுவதாயின் இரு தரப்பையும் கேட்க வேண்டும். ஏலத்தை ஆதரிப்போர் சொல்வன யாவை? அரசே சட்டப்படி விட்டுக் கொடுத்த பொருள், ஒரு குடும்பம் நூறாண்டுக்கு மேல் கெடாமல் பாதுகாத்த பொருள், அதனை விற்க அக்குடும்பத்திற்கு உரிமை உண்டு என்பர். கோயில்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கொடையாக அளிப்பது பற்றி எண்ணிப் பார்த்ததாகவும், அதில் இடையூறுகள் இருந்ததாகவும், ஏலமே ஒளிவு மறைவற்ற வழி என்றும் அக்குடும்பத்தின் சார்பில் கூறப்பட்டது. நம் நாட்டில் இருந்திருந்தால் அவை காணாமற் போயிருக்கும் என்று கூறுவாரும் உளர். இவ்வாதங்களை முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஏலம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நோக்குக. விற்பவர் ஒருவர், கூவுபவர் ஒருவர், கேட்போர் பலர். மிகுதியாகக் கேட்பவர் கைக்குச் சுத்தியல் ஓசையுடன் பொருள் சென்றுவிடும். வாங்கியவர் தம் பெயரை வெளியிட வேண்டுவதில்லை. நாளை அப்பொருள் ஏதோ ஒரு நாட்டின் வங்கிப் பெட்டகத்திற்குள் புகுந்து விட்டால், அதனைப் பார்க்கவும் ஆராயவும் எவர்க்கும் வழி இல்லை. தொகுப்பாய் இருப்பது துண்டு துண்டாய்ச் சிதறவும் கூடும். கண்டெடுத்தவர் சட்டப்படி பெற்றார் என்பது மெய்யே. ஆனால் அந்தச் சட்டத்தை இயற்றியவர் யார்? ஆளப்பட்ட மக்களைக் கேட்டா 1898 இல் பங்கு பிரித்தனர்? வைத்தவரையும் கேட்கவில்லை, வழிபடுவோரையும் கேட்கவில்லை. உடையவரைக் கேளாமல் ஒருவர் மற்றொருவர்க்கு அளித்த கொடை, எத்தனை தலைமுறை கடந்தாலும் அறத்தின் முன் முழு உரிமை ஆகாது.

இப்பொருள்களுக்குப் பணமதிப்பு ஏறினால் வேறொரு தீமையும் தொடரும். போலிகள் பெருகும். பிப்ரவா அகழ்வு நடந்த அதே நாளில், அதற்கு அருகிலேயே தொல்லியல் பணியாற்றிய பியூரர் என்னும் அரசு அலுவலர், புத்தரின் உடற்பொருள் என்று பொய் கூறிப் போலிப் பொருள்களைப் பர்மியப் பிக்கு ஒருவருக்குக் கொடுத்த மோசடி 1898 இல் வெளிப்பட்டது. அவர் பதவி விலக நேர்ந்தது. வாங்குவோர் இருக்கும் இடத்தில் புத்தரையும் பொய்யாய்ச் செய்து விற்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சட்டம் எவ்வளவு தூரம் காக்கும்?

நாடு விடுதலை பெற்ற பின் நாம் சட்டம் இயற்றிக் கொண்டோம். 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு பழமையுடைய சிற்பமும் கலைப் பொருளும், எழுபத்தைந்து ஆண்டு பழமையுடைய மதிப்புமிக்க சுவடியும் தொல்பொருள் ஆகும். தனியார் எவரும் இவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்லலாகாது. உலக அளவில் யுனெஸ்கோ அமைப்பு 1970 இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. 1977 இல் இந்தியா அதனை ஏற்றது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் இனி நடக்கும் களவைத் தடுப்பன. இவற்றிற்கு முன்னரே சென்றுவிட்ட பொருள்களுக்கு இவை எளிதில் கை கொடுப்பதில்லை. அதனால்தான் பிப்ரவா வழக்கு நீதிமன்றத்தில் தீராமல் விலை பேசித் தீர்ந்தது.

சான்று வலுவாக இருந்தால் சட்டம் வெல்லும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1976 இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில், தன் குடிசை அருகே மண் வெட்டிய நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர் கடப்பாரையில் ஏதோ இடிபடக் கண்டார். அது சோழர் காலத்து நடராசர் திருமேனி. அதன் பெருமை அறியாமல் அவர் அதனைச் சொற்ப விலைக்கு விற்றார். கை மாறி மாறி அது இலண்டனை அடைந்தது. 1982 இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை இரண்டரை இலட்சம் பவுனுக்கு வாங்கிற்று. இலண்டன் காவல் துறையினர் அதனைக் கைப்பற்றினர். வழக்கு நடந்தது. அத்திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளின் மண்ணும் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. 1988 இல் நம் பக்கம் தீர்ப்பாயிற்று. 1991 இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. நடராசர் ஊர் திரும்பினார்.

இவ்வழக்கைப் பேசுவோர் பலரும் தீர்ப்பைப் பாராட்டுவர். நாம் அந்தக் கூலித் தொழிலாளியை எண்ணிப் பார்க்கிறோம். அவர் திருடர் அல்லர். தம் கையில் கிடைத்தது யாது என்று அவருக்குச் சொல்ல அன்று எவரும் இல்லை. புதையலை அரசுக்கு அறிவித்தால் கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்பதையும் எவரும் சொல்லவில்லை. அறியாமையின் விலை சில நோட்டுகள். அறிந்தவன் பெற்ற விலை இரண்டரை இலட்சம் பவுன். கல்விக்கும் மரபுக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாக எக்கரும்பலகையில் எழுதிக் காட்ட இயலும்?

நாட்டின் மரபு எவருடையது?

'நாட்டின் பண்பாட்டு மரபு' என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். நம் இளைஞர்கள் சிலர் நம்மிடம் நேரே வினவியதுண்டு: "ஐயா, நம் பாட்டன் பூட்டனை எந்தக் கோயிலுக்குள் விட்டார்கள்? எந்த ஏட்டைத் தொட விட்டார்கள்? அவை களவு போனால் நமக்கென்ன?" இவ்வினாவில் நியாயமான சினம் உண்டு. அதனை நாம் அடக்கிப் பேசச் சொல்லவில்லை. ஆனால் விடை வேறு.

கோயிலின் கல்லை வெட்டியவர், மண்ணைச் சுமந்தவர், ஏரியைத் தோண்டியவர், அக்கோயிலுக்கு நெல் விளைவித்தவர் யார்? உள்ளே விடாதவர்களின் குற்றத்திற்காக, உழைத்தவர்கள் தம் உரிமையைக் கைவிடலாமா? அன்றியும், நம்முடையவை என்று நாம் ஐயமின்றிக் கூறத்தக்கவை எத்தனையோ வயல்வெளிகளில் பெயர் மாறிக் கிடக்கின்றன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்னும் பெயரில் வழிபடப்பட்டு வந்த சிலை புத்தர் சிலையே என்று, 2022 இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆய்வறிக்கையின் அடிப்படையில் ஏற்றுத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விடுமாறு ஆணையிட்டது. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1934 வரை ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சில கடல் கடந்தும் சென்றுவிட்டன. ஆந்திரத்தின் அமராவதித் தூபியின் சலவைக் கற்களில் ஒரு பகுதி எழும்பூரிலும், மற்றொரு பகுதி இலண்டனிலும் உள்ளன. எழும்பூர் செல்ல நம் ஊரிலிருந்து தொடர்வண்டிக் கட்டணம் பெரிதன்று. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவற்றைக் கண்டுள்ளனர்? காணாத பொருளை இழந்தால் வலிக்காது. வலிக்காத இழப்புக்கு எவரும் வழக்காடுவதில்லை.

நம் வீட்டு வைப்பு

இனி, நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் எழுதிவிட வேண்டும். பிறர் குற்றத்தை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

நாம் சிறுவராக இருந்தபோது, நம் தெருவில் பெரியவர் ஒருவர் இராப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அரிக்கேன் விளக்கொளியில், பகலெல்லாம் வயலில் பாடுபட்ட ஆடவரும் பெண்டிரும் அவரிடம் எழுத்துக் கற்றனர். பண்டிதரின் 'தமிழன்' இதழ்கள் சிலவற்றையும், பாபாசாகேபின் கூட்டங்களைப் பற்றிய அறிக்கைத் தாள்களையும், பள்ளிப் பதிவேடுகளையும் அவர் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். தாம் மறைந்த பின் அப்பெட்டியை நாம் வாங்கிக் காக்க வேண்டும் என்று நம்மிடம் பலமுறை சொல்லியிருந்தார். அவர் மறைந்தபோது பள்ளியில் தேர்வுக் காலம். பதினாறாம் நாள் காரியத்திற்குச் செல்லும்போது பார்த்துக் கொள்ளலாம் என இருந்துவிட்டோம். சென்று கேட்டபோது, பெட்டி மட்டும் இருந்தது. உள்ளிருந்த தாள்கள் எடைக்குப் போய்விட்டன. வீட்டாரைக் குறை கூற நமக்கு வாயில்லை. அதன் அருமையை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நாமே. பழைய பேப்பர்க் கடைக்கு ஓடினோம். மூட்டை ஏற்றிய வண்டி போய்விட்டிருந்தது. கடையின் மூலையில் அட்டை கிழிந்த பதிவேடு ஒன்று மட்டும் நம் கைக்குக் கிடைத்தது.

ஹாங்காங்கில் ஏலம் விட்டவர்களைக் கண்டிக்கும் நாம், நம் தெருவில் நடந்த ஏலத்தைத் தடுத்தோமா? அங்கு நூறு கோடி கேட்டனர்; இங்குக் கிலோவுக்குச் சில ரூபாய் கேட்டனர். இரண்டும் விற்பனையே. அங்கு நாடே எழுந்து நின்று தடுத்தது. இங்குத் தடுக்க வேண்டியவர் விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தார்.

இவ்வாறு எத்தனை பெட்டிகள் போயினவோ! பண்டிதர் அயோத்திதாசரின் எழுத்துகள் 1999 இல் பெருந்தொகுப்பாக வெளிவந்து இன்று ஆய்வாளர் கையில் விளங்குகின்றன எனில், பழைய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்ற பெரியோர் அரிய செல்வமாகக் காத்து வைத்ததே அதற்குக் காரணம். பாபாசாகேபின் எழுத்துகளும் அவ்வாறே. 1956 இல் அவர் மறைந்த பின் இருபது ஆண்டு கடந்து, 1976 இல்தான் மராட்டிய அரசு அவற்றைப் பதிப்பிக்கக் குழு அமைத்தது. 1979 இல் முதல் தொகுதி வெளிவந்தது. காத்தவர்கள் இருந்ததால் நூல் ஆயிற்று. காப்பார் இல்லாதவை என்னவாயின என்பதை நம் தகரப் பெட்டி சொல்லும்.

செய்ய வேண்டுவன

ஆகவே, வெள்ளி விழாவின் நினைவாக நம் சங்கம் நான்கு பணிகளை மேற்கொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள்.

ஒன்று: சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை, சிறிதாயினும், ஆவண அறையாக ஒதுக்குக. ஈரமும் கரையானும் அணுகாத இரும்பு அலமாரி இரண்டு போதும். இரண்டு: நம் குடும்பங்களில் உள்ள பழைய கடிதம், துண்டறிக்கை, நிழற்படம், நிலப் பத்திரம், பள்ளிச் சான்று, சுவடி ஆகியவற்றைப் பட்டியல் எடுக்குக. கொடுக்க மனமில்லாதவரை வற்புறுத்த வேண்டா. கைப்பேசியில் படம் எடுத்துப் படியைச் சேர்த்தாலே பெரும்பயன். மூன்று: மண் வெட்டுகையில் சிலையோ காசோ கலமோ கிடைத்தால், எவர்க்கும் விற்காமல், மறைக்காமல், கிராம நிருவாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ எழுத்து மூலம் அறிவித்து ஒப்புகை பெறுக. கண்டெடுத்தவர் பெயர் அத்தாளில் இருக்க வேண்டும். பிப்ரவாவின் கூலியாட்களைப் போல நம் பெயர் மறைந்து போகலாகாது. நான்கு: ஆண்டுக்கு ஒருமுறையேனும் நம் மாணவரை எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்க.

பழைய பேப்பர்க் கடையில் மீட்ட அந்தப் பதிவேடு இப்போது நம்மிடம் உள்ளது. அதனைச் சங்கத்தின் ஆவண அறைக்கு முதற் பொருளாக இவ்விழாவில் ஒப்படைக்க விரும்புகிறோம். அது 1962 ஆம் ஆண்டின் பதிவேடு. முன்பக்கங்களில் மாணவர் வருகை. பின்பக்கங்களில் பள்ளிக்கு உதவியோர் கணக்கு. யார் அரைப்படி அரிசி தந்தார், யார் விளக்குக்கு மண்ணெண்ணெய் தந்தார், எந்தத் தாய் தன் கூலியில் நாலணா தந்தார் என்று பெரியவர் தம் கையால் எழுதி வைத்துள்ளார். ஆடவர் பெயரினும் பெண்டிர் பெயரே மிகுதி. பிள்ளைகளின் பெயரும் உண்டு.

பிப்ரவாவின் மூடியில் சாக்கியர் எழுதியதும் இதுவே அன்றோ? தாம் மட்டும் தந்ததாக அவர்கள் எழுதவில்லை. சகோதரிகளோடும் மக்களோடும் மனைவியரோடும் தந்ததாக எழுதி வைத்தனர். அவர்தம் வைப்பு மணியாயிற்று. நம்மவர் வைப்பு மண்ணெண்ணெய் ஆயிற்று. இரண்டும் எளியோர் குடும்பத்தோடு கூடித் தந்த கொடையே. அந்த மணிகளை நாடு மீட்டுவிட்டது. இப்பதிவேட்டைக் காக்கும் பொறுப்பு இனி உங்களுடையது, இளைஞர்களே!